எட்டுப் பேரும் ஒரு கரும்பலகையும்

1

நேற்றோடு நான் மலாயாவுக்கு வந்து மூன்று வருஷம் முடிந்தது. கொண்டாட்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. சீனர் கடையில் வழக்கமாகக் குடிக்கும் கோப்பியோடு கூடுதலாக ஒரு அரைவேக்காட்டு முட்டை சாப்பிட்டேன். அறைக்குத் திரும்பினால் கதவின் கீழ் சேசுராஜின் கடிதம் கிடந்தது.

சேசுராஜ் யார் என்று திண்டுக்கல் நாகல் நகரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். இப்போது நம் வாசகசாலைக்குச் செயலாளர்.

"ஏலே, என்னையச் செயலாளர் ஆக்கிப்புட்டாய்ங்க. ஒருத்தனும் நான் சொல்றதக் கேக்க மாட்டேங்கிறான். கூட்டம்னா வாரேன்ங்கிறான், வர மாட்டேங்கிறான். நீ அங்க எட்டுப் பேர மேய்க்கிறியாமே? எப்படி மேய்க்கிறதுன்னு நம்ம கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒண்ணு எழுது. நாலு பக்கத்துக்குக் கொறையாம இருக்கணும்" என்று எழுதியிருக்கிறான்.

மேய்க்கிறேனா? அந்த எட்டுப் பேரும் இதைப் படித்தால் என்னைக் கம்பத்தில் கட்டிவிடுவார்கள். தலைமை தாங்குவது எப்படி என்று எழுத எனக்குத் தெரியாது. அந்த எட்டுப் பேர் என் வார்த்தையை நம்பாமல் இருந்த ஒரு வருஷத்தைப் பற்றித் தெரியும். அது எப்படி வந்தது, எப்படிப் போயிற்று என்பதை மட்டும் எழுதுகிறேன். நாலு பக்கம் வந்தால் சரி.

2

எனக்கு வேலை ஒரு மின்சாரக் கம்பெனியில். ஈப்போவிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போனால் வருகிற சின்ன ஊர். ஒரு ஆஸ்பத்திரி, ஒரு மார்க்கெட், சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள், நடுவே ஒரு பெரிய சடக்கு. ரோட்டுக்கு இங்கே தமிழர்கள் சொல்லும் பெயர் சடக்கு. போன வருஷம் 'சடக்கில் விழுந்து முட்டியில் அடி' என்று பழக்கதோஷத்தில் வீட்டுக்கு எழுதிவிட்டேன். சடக்கு என்பது எவ்வளவு ஆழமான கிணறு, யார் தூக்கிவிட்டார்கள் என்று அம்மா பதில் எழுதச் சொல்லியிருந்தாள்.

கம்பெனியில் என் பெயர் மிஸ்டர் சவரிமுத்து. அது என் அய்யாவின் பெயர். அடையாள அட்டை எடுக்கப் போனபோது, குடும்பப் பெயர் என்ன என்று கிளார்க் கேட்டார். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அய்யா பெயரைச் சொன்னேன். அவர் அதையே என் பெயராக்கி, என் பெயரை ஓரமாக ஒதுக்கிவிட்டார். மாற்றுவதற்கு மூன்று தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஜன்னலுக்கு அனுப்பினார்கள். நான்காவது தடவை போகவில்லை. பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் நிற்கிற மனிதர் அய்யா. தன் பெயரைத் தன் கையால் எழுதத் தெரியாது. அந்தப் பெயரை மரியாதையோடு கூப்பிட ஒரு ஆபீஸ் இருக்கிறதென்றால் இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

அய்யாவைப் பற்றிச் சொன்னால் காகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்குள் யாராவது காகிதத்தோடு நுழைந்தால் கதவுகள் சாத்திக்கொள்ளும். அது வரியாக இருக்கும், வழக்காக இருக்கும், இல்லையென்றால் தந்தியாக இருக்கும். அதை வாசிக்க மணிக்கூண்டுப் பக்கம் போய் யாரையாவது கெஞ்ச வேண்டும். நான் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பயம் போயிற்று. அப்புறம் தெருவிலும் போயிற்று. "இரு அப்பு, இவன் வாசிக்கட்டும்" என்று என்னை முன்னே தள்ளுவார்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, மதுரையில் ஒரு வருஷம் வயர்மேன் வேலை படித்து, மாமா அழைத்துக்கொண்டதால் கப்பல் ஏறினேன். வரும்போது என் மனதில் உறுதியாக ஒன்று இருந்தது: எழுதியிருப்பது உண்மையாக இருந்தால் அதனால் யாருக்கும் கெடுதல் வராது.

அது தப்பு என்று தெரிய எனக்கு ஒரு மனிதரின் மூன்று நாள் வேலை செலவாயிற்று.

3

வந்த இரண்டாம் மாதமே என்னை மண்டோர் ஆக்கினார்கள். மண்டோர் என்றால் நம் ஊர் மேஸ்திரி. எனக்குக் கீழே எட்டு லைன்மேன்கள். எட்டுப் பேரும் தமிழர்கள், எட்டுப் பேரும் என்னைவிட மூத்தவர்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற ஒரே காரணத்தால் நான் மேலே.

எங்கள் வேலையில் ஒரு ஆபத்து உண்டு. ஆட்கள் ஆளுக்கொரு திசையில் கம்பத்தில் ஏறி நிற்பார்கள். கரண்டைப் போடுகிற சுவிட்ச் சப்ஸ்டேஷனில் இருக்கும். அங்கே இருப்பவர் இஸ்மாயில், மலாய்க்காரர். எந்த ஆள் எந்தக் கம்பத்தில் இருக்கிறான் என்று தெரியாமல் அவர் சுவிட்சைப் போட்டால் உயிர் போகும். அதற்காகக் கம்பெனி ஒரு புது விதி கொண்டுவந்தது. தினமும் காலையில் ஒவ்வொருவரும் கிளம்பும்போது எங்கே போகிறார் என்று மண்டோர் கேட்க வேண்டும். பதிலைக் கரும்பலகையில் எழுத வேண்டும். சாயங்காலம் அதைப் பார்த்து இஞ்சினியருக்கு ரிப்போர்ட் எழுத வேண்டும். இஞ்சினியர் வெள்ளைக்காரர், ஆட்கள் அவரைத் துரை என்பார்கள்.

முதல் நாள் காலை. தோளில் கயிறும் இடுப்பில் தோல்பட்டையுமாக முதலில் வாசலைத் தாண்டியவர் பழனிச்சாமி அண்ணன். ஆயக்குடிக்காரர், எட்டுப் பேரில் மூத்தவர். நான் சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விதிப்படி கேட்டேன்:

"அண்ணே, எங்க போறீங்க?"

அவர் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே வந்து, கயிற்றை இறக்கி வைத்து, பானையில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்து, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்தவரைக் கேட்டேன். அவரும் தண்ணீர் குடித்து உட்கார்ந்தார். எட்டுப் பேரும் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். செத்த நேரம் கழித்துப் பழனிச்சாமி அண்ணன் எழுந்து மறுபடி கிளம்பினார். பலகை இன்னும் காலியாக இருந்ததால் நான் மறுபடி கேட்டேன். மறுபடி தண்ணீர், மறுபடி பெஞ்சு.

ஏதோ கேட்க வந்த இஸ்மாயில் வாசலில் நின்று இதைப் பார்த்தார். "இன்றைக்கு உங்களுக்கு ஏதாவது பண்டிகையா?" என்று விசாரித்தார்.

பழனிச்சாமி அண்ணனுக்குத்தான் பொறுமை போயிற்று. "ஏனுங்க தம்பி, நீங்க எந்தூருங்க?"

"திண்டுக்கல் அண்ணே. நாகல் நகர்."

"நம்ம பக்கத்துல வெளிய கெளம்பறவனப் பாத்து எங்க போறேன்னு கேப்பாங்களா? அதுவும் கம்பத்துல ஏறப் போறவன? உங்கூட்ல இப்படித்தான் கேட்டு அனுப்புவாங்களா?"

"கம்பெனி விதிண்ணே."

"கம்பெனிக்கு நம்ம வழக்கம் தெரியாதுங்க. உங்களுக்குமா தெரியாது?"

எனக்குத் தெரியாமல் என்ன? அய்யா வேலைக்குக் கிளம்பும்போது அம்மா வாயைத் திறக்க மாட்டாள். கேட்டே ஆக வேண்டுமென்றால் தெருவில் 'தூரமா?' என்றுதான் கேட்பார்கள். ஆனால் இங்கிலீஷில் எழுதியிருந்த விதியைப் படித்ததும் அதெல்லாம் மறந்துபோயிற்று. அடுத்த நாளிலிருந்து 'தூரமாண்ணே?' என்று கேட்டேன். அவர்களும் சிரித்துக்கொண்டே இடத்தைச் சொன்னார்கள். சிக்கல் தீர்ந்தது என்று நினைத்து அய்யாவுக்கு ஒரு கடிதம்கூட எழுதினேன். என் கெட்டிக்காரத்தனம் அதில் ஒரு பக்கத்துக்கு வந்திருந்தது.

4

வேலு அண்ணன் தாடிக்கொம்புக்காரர். ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்து, "தம்பி, பாப்பாவுக்குக் காச்சல். வீட்ல ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துர்றேன். மத்தியானம் மார்க்கெட் லைனுக்குப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி மத்தியானம் போய் வேலையை முடித்தார்.

சாயங்காலம் ரிப்போர்ட்டில் நான் அதை அப்படியே எழுதினேன். பத்திலிருந்து பன்னிரண்டு வரை வீட்டில், காரணம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று நல்ல இங்கிலீஷில் எழுதினேன். அவர் என்னிடம் உண்மையைச் சொன்னார், நான் உண்மையை எழுதினேன். இதில் என்ன இருக்கிறது?

துரை அதைப் படித்துவிட்டு வேலு அண்ணனை மூன்று நாள் வேலையிலிருந்து நிறுத்தினார்.

நான் ஓடிப்போய்ப் பேசிப் பார்த்தேன். "நீதானே எழுதியிருக்கிறாய்?" என்றார் துரை.

வேலு அண்ணன் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நான்காம் நாள் வேலைக்கு வந்தவர், "பாப்பாவுக்கு எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டதற்கு, "ஏன் தம்பி, அதையும் எழுதணுமா?" என்றார்.

அன்றிலிருந்து பலகையில் எட்டுப் பேருக்கும் ஒரே இடம்தான். தூரமாண்ணே என்றால், "பெரிய சடக்கு." அடுத்தவர், "பெரிய சடக்கு." எட்டாவது ஆளும், "பெரிய சடக்குதான், வேற எங்க?" பெரிய சடக்கில் அத்தனை பேருக்கு வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். நான் எழுதினேன். ரிப்போர்ட்டும் ஒழுங்காகப் போயிற்று. துரைக்குச் சந்தோஷம்.

ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. எல்லாரும் என்னோடு நன்றாகத்தான் பேசினார்கள். பொங்கல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், கிறிஸ்துமஸுக்கு என் அறைக்கு வந்து கேக் சாப்பிட்டார்கள். எங்கே இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

5

பிறகு அந்த மழை வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்து, ரப்பர் மரங்களைக் கம்பிகளின் மேல் சாய்த்துப்போட்டது. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. இஸ்மாயில் எல்லா லைனையும் நிறுத்தினார். எட்டுப் பேரும் கிளம்பினார்கள். வழக்கம்போல் பெரிய சடக்கு என்று எழுதினேன்.

மூன்றரை மணி இருக்கும். சப்ஸ்டேஷனில் துரையும் இஸ்மாயிலும் நானும் நின்றோம். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டாம் முறை ஆள் வந்துவிட்டான். ஆபரேஷன் பாதியில் நிற்கிறது, டார்ச் லைட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றான்.

இஸ்மாயில் சுவிட்சின் பக்கம் போய் நின்று என்னைப் பார்த்தார். "ஆஸ்பத்திரி லைனில் மரம் விழவில்லை. போடலாமா? உன் ஆட்கள் எல்லாரும் எங்கே?"

துரையே பதில் சொன்னார். "பலகையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். எல்லாரும் பெரிய சடக்கில். போடு."

துரை சொன்னதற்காக இஸ்மாயில் சுவிட்சில் கை வைக்கவில்லை. விதிப்படி மண்டோர் சொல்ல வேண்டும். என் வாயைப் பார்த்தார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பலகையில் என் கையெழுத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஏதாவது நடந்தால், அவன் அங்கே இருப்பதாகச் சொன்னான் என்று காட்ட எனக்கு எழுத்து இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் அந்த எழுத்தைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, எனக்குப் பயம் வந்தது.

"தெரியாது சார்" என்றேன்.

"என்ன தெரியாது?"

"என் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பலகையில் இருப்பது பொய். போடாதீர்கள்."

துரையின் முகம் சிவந்தது. நான் அவர் பேசுவதற்குக் காத்திருக்காமல் சைக்கிளை எடுத்தேன். அந்த மழையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், நர்சுகள் தங்கும் கட்டடத்தின் பக்கம் வந்தபோது கம்பத்தில் ஒரு ஆள் தெரிந்தார். வேலு அண்ணன். கம்பியில் சிக்கியிருந்த கிளையை ஒரு கையால் விலக்கி, மறு கையால் அதே கம்பியைப் பிடித்திருந்தார். ஆஸ்பத்திரி இருட்டாகக் கிடப்பதைப் பார்த்து, யாரும் சொல்லாமல் தானாக வந்திருக்கிறார்.

"வேலண்ணே, எறங்குங்க!"

"யாரு சொன்னா நான் இங்கன இருக்கேன்னு?"

"யாரும் சொல்லலண்ணே. மொதல்ல எறங்குங்க. இந்த லைனத்தான் போடப் போறாங்க."

அவர் கையைக் கம்பியிலிருந்து எடுத்தார். இறங்கி வந்து ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்த லைனில் வேறு யாரும் இல்லை என்று கம்பம் கம்பமாகப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கரண்டைப் போட்டோம். மற்ற ஏழு பேரையும் தேடிக் கண்டுபிடித்து, எல்லா லைனையும் போட்டு முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. ஆபரேஷன் செய்துகொண்டவர் பிழைத்தார். அவர் ஒரு ரப்பர்க் கடை சீனர், இன்றைக்கும் என்னைப் பார்த்தால் கையைத் தூக்குவார்.

6

மறுநாள் துரை என்னைக் கூப்பிட்டார். "பொய் சொன்னவன் யார்? எத்தனை பேர்?"

"பலகையில் எழுதியது நான் சார். பொய் என்று தெரிந்தே எழுதினேன்."

"பெயர் கேட்டேன்."

"என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்."

போட்டுக்கொண்டார். மிஸ்டர் சவரிமுத்து என்ற பெயரில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் இப்போதும் என் ஃபைலில் இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு ஒரு விண்ணப்பம் செய்தேன்: பலகையில் இருப்பது சுவிட்சுக்கு மட்டும் இருக்கட்டும், ரிப்போர்ட்டில் வேண்டாம். "அப்படியானால் அவர்கள் ஒழுங்காக வேலை செய்வதற்கு யார் பொறுப்பு?" என்றார். "நான்" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. துரை கெட்டவர் இல்லை. ஜன்னலைப் பார்த்து யோசித்துவிட்டு, மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். பிறகு அவராகவே ஒவ்வொரு லைன்மேனுக்கும் பாதுகாப்புக்கு ஒரு எர்த் கம்பி வரவழைத்துக் கொடுத்தார்.

இதையெல்லாம் நான் ஆட்களிடம் சொல்லவில்லை. இஸ்மாயில் சொல்லியிருக்கிறார், அவருக்குத் தெரிந்த தமிழில்.

அந்த வாரம் எங்கள் வீட்டை நினைத்துக்கொண்டே இருந்தேன். அய்யாவை யாரும் கேட்பதில்லை என்று சொன்னேன். ஆனால் அய்யா எங்கே போகிறார் என்று எங்களுக்குத் தெரியாமல் இருந்த நாளே கிடையாது. செருப்பை மாட்டும்போதே, "தாடிக்கொம்பு வரைக்கும் போயிட்டு வாரேன். பொழுது சாய வந்துருவேன்" என்று அவராகவே சொல்வார். அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார், அவ்வளவுதான். அந்த விஷயத்தை அம்மா வைத்து என்ன செய்வாள் என்று அவருக்குச் சந்தேகம் இல்லை.

அதனால் அடுத்த வாரம் முதல் நாள் காலை யாரையும் தூரமா என்றுகூடக் கேட்கவில்லை. ஆட்கள் வருவதற்கு முன்னால் பலகையில் முதலாவதாக என் பெயரை எழுதினேன். 'மண்டோர்: எட்டு மணிக்குச் சீனர் கடை, கோப்பி. அரை மணி நேரம்.' எழுதிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பழனிச்சாமி அண்ணன் பலகை முன்னால் நின்றிருந்தார். அவருக்கு எழுத்து தெரியாது. வேலு அண்ணன்தான் வாசித்துச் சொல்லியிருக்கிறார்.

"ஏனுங்க, வேல நேரத்துல கோப்பி குடிச்சதையா எழுதி வெச்சிருக்கீங்க?"

"குடிச்சேன்ல அண்ணே."

"தொர பாத்தா?"

"பாக்கட்டும்."

அவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார். சாயங்காலம் எட்டுப் பேரும் இருக்கும்போது பலகையை ஈரத்துணியால் துடைத்தேன். எந்தக் காகிதத்திலும் எடுத்து எழுதவில்லை. இரண்டு மூன்று வாரம் அவர்கள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை ஒவ்வொரு லைனையும் நானே சைக்கிளில் போய்ப் பார்த்த பிறகுதான் சுவிட்சைப் போடச் சொன்னேன். பிறகு ஒரு நாள் வேலு அண்ணன் போகிற போக்கில், "தம்பி, நான் தோட்டத்து லைன். திரும்பி வாரப்ப பாப்பா பள்ளிக்கூடத்துல எறங்கிட்டு வருவேன்" என்று சொன்னார். அந்தப் பாப்பா இப்போது என்னோடு மலாயில்தான் பேசுகிறாள். தமிழில் பேசச் சொன்னால், நீங்கள் முதலில் மலாய் ஒழுங்காகப் பேசுங்கள் என்கிறாள். நியாயம்தான்.

மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். பழனிச்சாமி அண்ணன் மட்டும் இன்றுவரை கையை மேற்கே காட்டுவார், கிழக்கே காட்டுவார். வாயால் சொல்ல மாட்டார்.

7

சேசுராஜுக்கு நான் சொல்ல நினைப்பது போன மாதம் நடந்தது.

எர்த் கம்பி என்றேனே, அது ஒரு பாதுகாப்பு. வேலை செய்யும் லைனை அந்தக் கம்பியால் தரையோடு இணைத்துவிட்டால், யாராவது தவறிப்போய்ச் சுவிட்சைப் போட்டாலும் மேலே இருப்பவருக்கு ஆபத்து இல்லை. வேலை முடிந்ததும் கழற்ற வேண்டும். கழற்றாமல் கரண்ட் கொடுத்தால் வெடித்து, சுவிட்ச் பெட்டியே எரிந்துபோகும். மறப்பது பெரிய குற்றம், வேலையே போகும்.

அன்று சாயங்காலம் நாலே முக்காலுக்கு மார்க்கெட் லைனைப் போடுவதாக இருந்தது. எல்லாரும் முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நான் சப்ஸ்டேஷனுக்குக் கிளம்ப எழுந்தேன். பழனிச்சாமி அண்ணன் வேகமாக உள்ளே வந்தார். இருபத்திரண்டு வருஷம் கம்பத்தில் ஏறியவர், ஒரு தவறும் செய்யாதவர் என்று பேர் எடுத்தவர். மூச்சு வாங்கியது.

"தம்பி, போட்டுறாதீங்க. எர்த் கம்பியக் கழட்டாம வந்துட்டனுங்க."

"எந்தக் கம்பத்துலண்ணே?"

"மீன் கடைக்கு எதுக்க. வீட்டுக்குப் பாதி தூரம் போனதுக்கப்புறம் பையத் தொட்டுப் பாக்கறேன், கம்பியக் காணோம். எம்புத்தியச் செருப்பாலதான் அடிக்கணும்."

இஸ்மாயிலுக்குப் போன் செய்து நிறுத்தச் சொன்னேன். இரண்டு பேரும் சைக்கிளில் போனோம். அவர் ஏறிக் கழற்றிக்கொண்டு வரும்வரை கீழே நின்றேன். மீன்காரர்கள் கடையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். இறங்கியதும் அவர் கம்பியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டேன். "அண்ணே, ஆபீசுக்கு வந்ததுக்கு நேரா இங்க வந்திருந்தா பத்து நிமிஷத்துல கழட்டியிருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அதுக்குள்ள போட்டிருந்தா?"

"சப்ஸ்டேஷன் இங்கருந்து கிட்டக்க. இஸ்மாயில்கிட்ட ஏதாச்சும் சாக்குச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். எங்கிட்ட எதுக்குண்ணே வந்தீங்க?"

அவர் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். இவன் என்ன இப்படிக் கேட்கிறான் என்பதுபோல் அன்றைக்கு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"தப்புப் பண்ணிட்டனுங்க தம்பி" என்றார். "வேற யாருகிட்டப் போய்ச் சொல்றது?"